பலூன் எங்கிருந்து வந்தது?

சென்ற வாரம் கோல் கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டு விழுந்த பெண்ணை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவள் எழுந்துவிட்டாள். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. எழுந்ததும் முதல் வேலையாக, தனக்கு ஒன்றுமே இல்லை என்று எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தாள். அங்கேதான் வில்லங்கம்.

மண்டை டீச்சர் வீட்டிலேயே ஒரு மண்டை இடிபட்டதைத் தெரு எப்படியெல்லாம் பேசியது என்று எழுதினால் இந்த இதழ் பத்தாது. டீச்சர் பள்ளி பள்ளியாகப் போய், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடிக்குள் ஒரு முட்டையைப் போட்டுக் குலுக்கிக் காட்டுகிறவள். ஜாடி முழுசாக இருக்கும், உள்ளே முட்டை விரிசல் விட்டிருக்கும். ஜாடிதான் மண்டை ஓடு, முட்டைதான் மூளை என்பாள். வெளியே அடி தெரியாமலே உள்ளே குலுங்கிவிடும், அதற்குப் பெயர் கன்கஷன் என்பாள். முடிவில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும்: "சொல்லிட்டு உட்காரு." தலையில் அடி பட்டால் மறைக்காதே, யாரிடமாவது சொல், ஆட்டத்திலிருந்து வெளியே வந்து உட்கார். அவ்வளவுதான் பாடம்.

ஊருக்கெல்லாம் பாடம், வீட்டில் பெண் கோல் கீப்பர். அதுவும் "மதில்" என்று பட்டப்பெயர் வாங்கிய கோல் கீப்பர். அவளுடைய பள்ளிக் கால்பந்துக் குழுவுக்குக் கோச் யார் என்றால், டீச்சரின் கூடப்பிறந்த தம்பி. கணவர் மட்டும் இந்த மண்டை விவகாரத்தில் இல்லை. அவர் கப்பலில் இன்ஜின் பார்க்கிறார், நடுக்கடலில் நிம்மதியாக இருக்கிறார்.

சனிக்கிழமை அரையிறுதி. அதற்குள் டாக்டர் கையெழுத்துப் போட்டால் மதில் ஆடலாம். திங்கட்கிழமை டீச்சருக்கு இன்னொரு கையெழுத்து காத்திருந்தது. இரண்டு வருடமாக அவள் நடத்திவந்த பரிசோதனையை எல்லாப் பள்ளிகளிலும் வைத்துக்கொள்வதாகக் கல்வி அலுவலகம் ஒப்புக்கொண்டிருந்தது.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துச் சொற்கள் படித்துக் காட்டுவார்கள். பிள்ளை உடனே ஒரு தரம், சற்று நேரம் கழித்து ஒரு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பின்னால் எப்போதாவது தலையில் அடி பட்டால் அதே பரிசோதனை மறுபடி. மதிப்பெண் இறங்கியிருந்தால் மூளை குலுங்கியிருக்கிறது. பத்துச் சொல் பட்டியல்கள் மொத்தம் ஆறு. ஆறையும் உட்கார்ந்து உருவாக்கியவள் டீச்சர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில், பரிசோதனை அறைக்குள் தன் பெண்ணை அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் அறைக்குள் இருக்கக் கூடாது என்று விதி. விதியை எழுதியவளும் அவளே. தான் எழுதிய விதியிடம் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கத்தான் செய்கிறது, ஐந்து நிமிஷத்துக்கு.

கதவு முழுசாகச் சாத்தாது. ஒற்றைக் காலில் நிற்க வைக்கும் ஸ்பாஞ்ச் மெத்தையின் மூலை எப்போதும் கதவிடுக்கில் துருத்திக்கொண்டிருக்கும். அந்த இடுக்கு வழியாக நர்ஸம்மாவின் குரல் வந்தது. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். சொற்களை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் படிப்பார். நொடிக்கு ஒரு சொல்.

"சாவி. பாலம். தலையணை. மணல். கழுதை."

நான்காம் பட்டியல் என்று டீச்சருக்குத் தெரிந்தது. பெண் கடகடவென்று திருப்பிச் சொன்னாள். பத்துக்குப் பத்து. அதுவரை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்த டீச்சர், அதை விட்டாள்.

பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். மெத்தைமேல் நிற்கச் சொன்னார்கள். கடைசியில், முதலில் படித்த சொற்களை ஞாபகம் இருக்கிற வரைக்கும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் நர்ஸம்மா.

"சாவி, பாலம், பலூன், மணல், கழுதை," என்று தொடங்கி மதில் ஒரே மூச்சில் முடித்தாள்.

டீச்சரின் கை மறுபடி வாரைப் பிடித்தது.

நர்ஸம்மா வெளியே வந்து திருப்தியாகத் தலையாட்டினார். பத்துக்கு ஒன்பது, ஒரு சொல் மட்டும் மாறிப்போச்சு, அது யாருக்கும் நடக்கிறதுதான். மெத்தையில் இரண்டு தடவை கால் ஊன்றினாள், அது கணக்கிலேயே சேராது. தலைவலி, மயக்கம், வெளிச்சம் கூசுவது என்று இருபத்திரண்டு கேள்விக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறாள். நாலு மணிக்கு டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிடலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "உங்க பொண்ணாச்சே, ஞாபகசக்திக்குக் கேட்கணுமா," என்றார்.

பலூன் எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து புன்னகை மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

நான்காம் பட்டியலில் மூன்றாவது சொல் முதலில் பலூன்தான். ஆனால் எந்தப் பிள்ளையும் பலூனை மறப்பதாக இல்லை. அடிபட்ட பிள்ளைகூட மற்ற ஒன்பதையும் விட்டுவிட்டுப் பலூனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற சொல்லை வைத்து யாருடைய ஞாபகத்தை அளப்பது? நான்கு மாதம் முன்பு பலூனை எடுத்துவிட்டுத் தலையணையைப் போட்டாள் டீச்சர். இன்று அந்த அறைக்குள் நர்ஸம்மா பலூன் என்று படிக்கவே இல்லை.

அப்படியென்றால் இவள் பெண் நர்ஸம்மா படித்ததை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. எப்போதோ மனப்பாடம் பண்ணினதை ஒப்பித்திருக்கிறாள்.

எப்போது என்று டீச்சர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆறு வருடம் முன்பு, பெண்ணுக்குப் பத்து வயது. பட்டியல்கள் அடுப்படியில்தான் பிறந்தன. இவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே படிப்பாள், குழந்தை மேடைமேல் உட்கார்ந்து திருப்பிச் சொல்லும். நொடிக்கு ஒரு சொல் என்ற கணக்குக்குக் கடிகாரம் கூட வேண்டியிருக்கவில்லை. சொட்டுகிற குழாய் இருந்தது. அந்தக் குழாயை ஒரு வருஷம் சரிபண்ணாமல் வைத்திருந்ததற்குக் கஞ்சத்தனம் என்று எதிர்வீட்டில் காரணம் சொன்னார்கள். காரணம் விஞ்ஞானம்.

அந்தக் குழந்தை வளர்ந்து இதே பரிசோதனைக்கு வந்து உட்காரும் என்று இவளுக்குத் தோன்றவே இல்லை. சீசன் தொடக்கத்தில் பெண் பத்துக்குப் பத்து வாங்கியபோது, குடும்ப ஞாபகசக்தி என்று தம்பிக்கு வேறு போன் பண்ணிப் பீற்றிக்கொண்டாள். கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் எங்கேயும் அடுப்படி என்ற சொல் இல்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நாலு மணிக்கு ஒரு கையெழுத்து, திங்கட்கிழமை இன்னொன்று. டீச்சர் இதை நினைக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். நினைத்தாள். முழுசாக மூன்று நிமிஷம் நினைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் மதில் தொப்பியைப் புருவம் வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேகம் கவிந்த நாள், வெயில் என்று சொல்ல ஒன்றும் இல்லை. டீச்சர் அந்தத் தொப்பியைத் திங்கட்கிழமையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"பலூன்னு சொன்னியே," என்றாள்.

"ஆமா."

"லிஸ்ட்ல பலூன் இல்லை."

அம்மாவிடம் பொய் சொல்லலாம், அம்மாவின் பட்டியலிடம் சொல்ல முடியாது என்று மதிலுக்குத் தெரியும். "எப்ப மாத்தினே?" என்று கேட்டாள்.

"நாலு மாசம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லை."

"உங்கிட்ட எதுக்குடி சொல்லணும்?"

"ஆறு லிஸ்ட்டையும் எங்கிட்டதானேம்மா சொன்னே."

ஒரு பஸ் வந்து நின்று, இவர்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதன் சத்தத்துக்கு மதில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை அம்மாக்காரி பார்த்தாள். அந்த இருபத்திரண்டு பூஜ்யங்களைப் பற்றிக் கேட்டாள். வெளிச்சம் கூசுகிறது, பஸ் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது, புத்தகத்தில் ஒரே வரியை மூன்று தரம் படிக்கிறாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. அடி சின்ன அடிதான், விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, அரையிறுதி வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும் என்று வாதாடினாள். அந்தக் கேள்வித்தாளை டைப் பண்ணிக் கொடுத்ததே தான்தான், எந்தக் கேள்வி எதற்கு என்று தெரியாதா என்றும் சொன்னாள்.

"சனிக்கிழமை நீ ஆடலை," என்றாள் டீச்சர்.

மதில் அழவில்லை. அழுதாலும் மண்டை வலிக்கும் போலிருக்கிறது. தொப்பிக்கு அடியிலிருந்து கேட்டாள்:

"சரி, நான் உட்கார்ந்துக்கறேன். நர்ஸம்மாகிட்ட என்ன சொல்லப்போறே? எனக்குத் தலைவலின்னு மட்டுமா? இல்லை, லிஸ்ட் வீட்டுலயே லீக் ஆயிடுச்சுன்னுமா?"

பெற்ற பிள்ளை சமயத்தில் வக்கீல் மாதிரி பேசும். டீச்சர் யோசித்தாள். ஒரு பிள்ளைக்குத் தெரிந்துபோனால் அந்த ஒரு பிள்ளையின் தாளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டால் போதும். நானூறு பேரில் ஒரு பேர். இரண்டு வரியில் ஒரு குறிப்பு எழுதினால் தீர்ந்தது, திங்கட்கிழமைக்கு ஒரு குந்தகமும் இல்லை. அப்படித்தான் சொன்னாள்.

மதில் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வந்து விழுங்கினாள். தலைவலி என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மைதானத்துக்குப் போய்த் தம்பியிடம் நேரிலேயே சொல்லிவிடுவது என்று இருவரும் கிளம்பினார்கள். கீப்பர் இல்லாமல் அரையிறுதி என்பதைப் போனில் சொன்னால் அவன் போனைக் கடித்துவிடுவான்.

தம்பிக்காரன் எல்லைக்கோட்டோரம் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், பதினெட்டுப் பெண்களைக் கட்டி மேய்க்கிறவன், அக்கா வருவதைக் கண்டால் மட்டும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான். சேதியைக் கேட்டு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாற்றுக் கீப்பர் ஒரு பொடிசு இருக்கிறாள், பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள், பரவாயில்லை, பார்த்துக்கலாம் என்றான். நல்ல தம்பி. பெருமூச்சு விட்டுவிட்டுக் கூம்புகளை எடுக்கக் குனிந்தவன், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். மனசு சரியில்லாதபோது அவனுக்கு அப்படி ஒரு பழக்கம்.

"சாவி பாலம், பலூன் மணல், கழுதை..."

ராகத்தோடு.

டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். மதில் இரண்டு அடி பின்னால் போனாள்.

"என்னடா பாட்டு அது?"

"இதுவா? பஸ்ல இதுகள் பாடற பாட்டுக்கா. ரெண்டு வருஷமா உயிரை வாங்குதுகள். போட்டிக்குப் போறப்ப கை தட்டிக்கிட்டே பாடணும், கழுதைன்னு வர்றப்ப மொத்தமா திரும்பி என்னைக் கை காட்டணும். இந்த மாதிரி ஆறு பாட்டு இருக்கு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "உம் பொண்ணு சொல்லிக்கொடுத்ததுதான்."

அக்கா முகத்தைப் பார்த்ததும், தான் என்னவோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. எது என்று புரியவில்லை. அவனுடைய குழு பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அவன் வெளியே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பான். விதி அப்படி.

திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, விளையாட்டாகத்தான் தொடங்கியது, பரிசோதனையில் அதே சொற்கள் வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டோம் என்று மதில் முணுமுணுத்தாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை. அவள் மனசு கிடுகிடுவென்று வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேர். இந்த சீசனில் இந்தப் பதினெட்டில் யாருக்குத் தலையில் அடி பட்டது? பட்டு, பத்துக்குப் பத்து வாங்கி, டாக்டர் கையெழுத்தோடு திரும்பி ஆட வந்தது யார்?

தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் கொக்கு எகிறிக்கொண்டிருந்தாள்.

கொக்கு பின்கள ஆட்டக்காரி. குழுவிலேயே உயரமானவள், வருகிற பந்தையெல்லாம் தலையால் திருப்பி அனுப்புவது அவள் வேலை. மூன்று வாரம் முன்பு யாருடைய முழங்கையோ நெற்றிப்பொட்டில் பட்டது. பத்து நாளில் பரிசோதனை, பத்துக்குப் பத்து. நர்ஸம்மா தட்டிக்கொடுத்து அனுப்பினார். இப்போது ஒருத்தி பந்தை உயரத் தூக்கிப் போட, கொக்கு எகிறி முட்டினாள். இறங்கினாள். அடுத்த பந்து. எகிறி முட்டினாள். இறங்கும்போது ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சர் செருப்புக் காலோடு மைதானத்துக்குள் நடந்தாள். தம்பி விசிலை எடுத்து ஊதினான்.

கொக்குவை அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எப்படி இருக்கே என்றால் நல்லா இருக்கேன் டீச்சர் என்றாள். வகுப்பில் தூக்கம் வருகிறதா என்றால் எல்லோருக்கும் வருகிறது என்றாள். நியாயமான பதில்தான்.

"ஒரு சின்ன விளையாட்டு," என்றாள் டீச்சர். "ஆறு வார்த்தை சொல்றேன். திருப்பிச் சொல்லு."

ஆறு பட்டியலிலும் இல்லாத சொற்களாகப் பார்த்து மனசுக்குள் பொறுக்கினாள். நொடிக்கு ஒரு சொல் வர வேண்டுமே என்று கைக்கடிகாரத்தைத் தேடினாள். அதற்குள், யாரும் சொல்லாமலே, மதில் தண்ணீர் பாட்டிலின் பக்கத்தில் நகத்தால் தட்ட ஆரம்பித்தாள். டொக். டொக். டொக். பழைய குழாயின் அதே கணக்கு.

"தபால். கத்தரிக்கோல். நிலா. கம்பளி. மேளம். சுரங்கம்."

மூன்று தரம் படித்தாள். கொக்கு உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"தபால்... கம்பளி..." அண்ணாந்து பார்த்தாள். மேகத்தில் எழுதியிருக்கிற மாதிரி. பெஞ்சுக்குப் பின்னால் நின்ற தம்பியின் வாய் அசைந்தது. அவனுக்கு ஆறில் ஐந்து ஞாபகம் இருந்தது. "தபால், கம்பளி... இருங்க டீச்சர், தெரியும்..."

யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பலூன்?" என்றாள் கொக்கு.

மதில் தட்டுவதை நிறுத்தினாள்.

கொக்கு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, பாடம் ஒப்பிக்காத பிள்ளை மாதிரி, தினமும் சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பரிசோதனையில் நன்றாகச் சொன்னதால் இது சாதாரண வலிதான் என்று நினைத்தாளாம். டீச்சரின் டெஸ்டே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, இருக்கிறது என்று அவள் எப்படிச் சொல்வாள்?

தம்பி, ஆறு வார்த்தையை வைத்து எப்படி முடிவு கட்டுவது என்று மெல்ல இழுத்தான். முடிவு கட்ட முடியாதுதான் என்றாள் டீச்சர். "இது சந்தேகம்தான்டா. உட்கார வைக்க சந்தேகம் போதும். நாளைக்கே டாக்டர் முதல்லேர்ந்து பார்க்கட்டும்."

பதினெட்டுப் பேரின் தாள்களையும் வெளியே எடுக்க வேண்டும். கொக்குவின் வீட்டில் போய்த் தானே சொல்ல வேண்டும். கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் திங்கட்கிழமை இருக்காது, இரண்டு வருட உழைப்பு இருக்காது, மண்டை டீச்சர் தன் வீட்டு அடுப்படியிலேயே பரிசோதனையைக் கோட்டைவிட்ட கதை மட்டும் ஊர் உள்ள வரைக்கும் இருக்கும். நம் தெருவைப் பற்றி அவளுக்கு ஒரு மயக்கமும் கிடையாது. போனை எடுத்து நர்ஸம்மாவின் எண்ணைப் போட்டாள்.

மணி போய்க்கொண்டிருக்கும்போது கொக்கு அவள் கையை லேசாகத் தொட்டாள்.

"டீச்சர், நான் இன்னொண்ணு சொல்லலாமா? போன மாசம் முகாமுக்குப் போனோமில்ல. அங்க நாலு ஸ்கூல் டீம் வந்திருந்தாங்க. அவங்களுக்கும் அந்தப் பாட்டு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

மதில் தொப்பியை முகத்தின்மேல் முழுசாக இழுத்துக்கொண்டாள். தம்பி விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன பொருள் என்பதுபோல் பார்த்தான்.

போனில் நர்ஸம்மாவின் குரல் வந்தது. டாக்டர் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டார், மதிலின் தாள் அவர் மேசையில்தான் இருக்கிறது, பேனாவைத் திறந்துவிட்டார் என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொன்னது.

"மூடச் சொல்லுங்க," என்றாள் டீச்சர். "ஒண்ணு சொல்லணும் நர்ஸம்மா. தப்பு எங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிக்குது."

அடுப்படியிலிருந்து, குழாயிலிருந்து, பலூனிலிருந்து எதையும் விடாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பெண்களும் பெஞ்சில் ஒதுங்கி நடுவில் இடம் விட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.